தாத்தாவின் ராணுவத் தாளில் சிவப்பு மை

சேலம் மாவட்டத்தில் பட்டாளத்துக் குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், ஏற்காட்டு அடிவாரம் என்று பல ஊர்களில், இரண்டாம் உலகப்போரில் பர்மா பக்கம் போய் வந்த ஒரு பெரியவரைப் பற்றிய பேச்சு இன்னும் இருக்கிறது. பேச்சுதான் இருக்கிறது, தாள் இருப்பதில்லை. அபூர்வமாகத் தாள் இருக்கும் வீடுகளிலும் அதை யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். படித்தவர்கள் சிலர் மறுபடியும் டிரங்குப் பெட்டியிலேயே வைத்து மூடிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “அதுல தண்டனை பத்தி எழுதியிருக்குங்க” என்பார்கள்.

அம்மாபேட்டைத் தம்பி ஒருவன் இதே வருத்தத்தோடுதான் வந்தான். “தாத்தா பாராசூட் படையில இருந்தாருன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்கண்ணா. இதுல பார்த்தா லீவு முடிஞ்சு திரும்பி வரல, தண்டனைன்னு ஒண்ணுக்கு மேல எழுதியிருக்கு. அப்ப சண்டை போட்டேன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்களா?”

பொய்யில்லை. தண்டனையும் உண்மை, சண்டையும் உண்மை. இரண்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் நடக்கக்கூடியவை. பாராசூட் படைகளில் அப்படி நடந்தது கொஞ்சம் அதிகம் என்றே சொல்லலாம். ஆனால் ராணுவம் இந்த இரண்டையும் எழுதி வைக்கும் விதம் வேறு வேறு. அது புரியாமல் தாளைப் படித்தால் தாத்தாவின் மேல் அநியாயமான சந்தேகம்தான் வரும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் தாள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். சிப்பாய் ஒருவர் படையில் சேர்ந்ததும் அவர் பெயரில் ஒரு பணிப் பதிவேடு திறக்கப்படும். கூடவே நடத்தைத் தாள் ஒன்று. விடுப்பு முடிந்து தாமதமாக வந்தார், குடித்துவிட்டுக் காவலுக்கு வந்தார், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார், துப்பாக்கியைத் தொலைத்தார் என்று எது நடந்தாலும் அதற்குத் தேதி, இடம், சட்டப்பிரிவு, தண்டனை, கையெழுத்து எல்லாம் அதில் ஏறும். கமாண்டிங் ஆபீசர் முன் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடும்.

அதே சிப்பாய் ஒரு மலைமுகட்டில் மூன்று நாள் தண்ணீரில்லாமல் பதுங்குகுழியில் கிடந்தால்? அது அவருடைய தாளில் ஏறாது. அது படைப்பிரிவின் போர் நாட்குறிப்பில் போகும். அந்த நாட்குறிப்பில் அதிகாரி என்றால் பெயரோடு வருவார். சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள்: இத்தனை பேர் இறப்பு, இத்தனை பேர் காயம், இத்தனை பேரைக் காணவில்லை. பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவரோ இறந்தவரோ தவிர மற்ற சாதாரணச் சிப்பாயின் சண்டை அவர் பெயரோடு எழுத்தில் நிற்பதே அரிது. அவருடைய தவறுக்கு மட்டும் அவர் பெயரிலேயே தனி வரி. பேரன் கையில் கிடைப்பது தவறுகளை எழுதும் இந்த நடத்தைத் தாள்தான். பாதி மனிதனைத்தான் அது காட்டும்.

சரி, பாராசூட் படைக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் பாராசூட் படைப்பிரிவான 50ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடு 1941 அக்டோபரில் டெல்லியில் தொடங்கப்பட்டது. மூன்று பட்டாலியன்கள்: பிரிட்டிஷ் வீரர்களுக்கு 151, இந்தியர்களுக்கு 152, கூர்க்காக்களுக்கு 153. அந்த மாதம் 15ஆம் தேதி கராச்சியில் முதல் குதிப்பு நடந்தது. இந்தியர்களில் முதலில் குதித்த இருவரில் ஒருவர் நம் மெட்ராஸ் மாகாணத்து மருத்துவர் ஏ.ஜி. ரங்கராஜ், மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இந்தியப் பாராசூட் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு தமிழர் இருக்கிறார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு ஆதங்கமாகத்தான் இருக்கிறது. பின்னாளில் கொரியப் போரில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸைத் தலைமையேற்று நடத்தியதும் அவர்தான். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு முன்சானில் குதித்த இந்திய மருத்துவக் குழு அவருடையது. மகாவீர் சக்கரம் பெற்றவர்.

ஆரம்பத்தில் வசதி என்று ஒன்றும் இல்லை. வேலன்ஷியா என்ற பழைய, மெதுவான விமானம். அதன் தரையில் வெட்டிய ஓட்டை வழியாகக் குதிக்க வேண்டும். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பாராசூட்டுகள் இருந்தன. பிரிட்டிஷ் முறைப் பாராசூட்டில் அவசரத்துக்கு இரண்டாவது குடை கிடையாது. முதல் குடை விரியவில்லை என்றால் அவ்வளவுதான். ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று இரவில் சேலத்து விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் நிற்கும் இடம் ஊருக்கு மேலே மூவாயிரம் அடியையும் தாண்டும். பாராசூட் வீரர்கள் குதித்தது அதில் கால் பங்கு அளவான உயரத்திலிருந்து, 600 முதல் 1,000 அடிக்குள். அரை நிமிடமோ முக்கால் நிமிடமோதான் காற்றில் இருப்பார்கள். கோளாறு வந்தால் சரிசெய்ய நேரமே கிடையாது. அப்புறம் பயிற்சிப் பள்ளி ராவல்பிண்டி அருகே சக்லாலாவுக்கு மாறியது. கான்பூரில் பாராசூட் தொழிற்சாலை வந்தபின் தட்டுப்பாடு குறைந்தது.

இந்த வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. எல்லாரும் தாமாகக் கைதூக்கி வந்தவர்கள். சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். “பாராசூட் படைக்கு ஆள் வேண்டும்” என்ற கடிதம் ஒரு பட்டாலியனுக்கு வந்தால், அங்கிருக்கும் கமாண்டிங் ஆபீசர் தன் நல்ல ஆட்களை விடத் தயங்குவார். அடங்காத ஆள், அடிக்கடி குவார்ட்டர் கார்டில் (முகாம் காவலறையில்) அடைபடும் ஆள் கைதூக்கினால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பிரிட்டனிலும் இது நடந்தது, அமெரிக்காவிலும் நடந்தது. இன்னொரு பக்கம், முகாம் வாழ்க்கையின் சலிப்பைத் தாங்காத, ஆபத்தைத் தேடிப் போகும் சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தப் படையே பெரிய ஈர்ப்பு. கூடுதல் சம்பளமும் ஒரு காரணம். அமெரிக்கப் படையில் சாதாரணப் பாராசூட் வீரருக்கு மாதம் 50 டாலர் தனியாகக் கிடைத்தது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஏழைப் பையனுக்கு அது சின்னத் தொகையில்லை.

ஆக, பாராசூட் படைக்குள் வந்தவர்களில் ஒரு பகுதியினர் வரும்போதே நடத்தைத் தாளில் நாலு வரியோடு வந்தார்கள். வந்த இடத்தில் புதிய குற்றம் ஒன்றும் காத்திருந்தது. பிரிட்டிஷ் முறைப்படி, பயிற்சிக்காலத்தில் ஒருவர் குதிக்க மறுத்தால் பழைய படைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். பயிற்சி முடித்ததற்கான சிறகுப் பட்டை வாங்கியபின் மறுத்தால் அது கட்டளை மீறல், கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ நீதிமன்றம் வரைக்கும் போகும். பத்துத் தடவை குதித்தவர் பதினோராவது தடவை கதவருகே உறைந்து நின்றால் தாளில் பதிவது அந்தப் பதினோராவது தடவைதான்.

இப்படிப்பட்ட ஒரு சாதாரண வீரனின் கதையை விரிவாகச் சொல்ல எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் அமெரிக்கரான ஜேக் மெக்னீஸ். 1919இல் ஓக்லஹோமா மாநிலத்தின் மேஸ்வில்லில் பிறந்தவர். போருக்கு முன் தீயணைப்பு வேலை செய்தவர். 1942இல் பாராசூட் படையில் சேர்ந்தார். 101ஆவது வான்வழிப் டிவிஷனின் 506ஆவது பாராசூட் ரெஜிமென்டில், பாலங்களை வெடிவைத்துத் தகர்க்கும் பிரிவு அவருக்குக் கிடைத்தது. சண்டைக்குச் சம்பந்தமில்லாத எந்த விதியையும் அவர் மதிக்கவில்லை. சல்யூட் அடிப்பதில் அக்கறை கிடையாது. அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போய்விடுவார். ராணுவப் போலீஸாரோடு கைகலப்பு வேறு. கூட இருந்தவர்களும் அதே ரகம். இங்கிலாந்தில் லிட்டில்கோட் என்ற பண்ணையில் தங்கியிருந்தபோது அந்தப் பண்ணையின் மான்களைத் திருட்டுத்தனமாக வேட்டையாடிச் சமைத்தார்கள். குளிக்கக் கொடுத்த தண்ணீரையும் சமையலுக்கே செலவழித்தார்கள். அதனால் ‘அழுக்குப் பதின்மூன்று பேர்’ என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

1944 ஜூன் 5 அன்று, நார்மண்டிக்குப் புறப்படும் முன், இவர்கள் தலையை நடுவில் மட்டும் முடி விட்டு மழித்துக்கொண்டு, பூர்வகுடிப் போர்வீரர்களைப் போல முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டார்கள். தாயார் வழியில் சாக்டா பூர்வகுடி வேர்கள் உண்டு என்று சொல்லிவந்த மெக்னீஸின் யோசனை அது. ராணுவப் புகைப்படக்காரர்கள் எடுத்த அந்தப் படங்கள் உலகம் முழுவதும் போயின. அந்தப் படங்களால் அவர்களைப் பற்றி வேடிக்கையான ஒரு பிம்பமும் பரவிவிட்டது. அன்றிரவு நடந்ததோ வேடிக்கையில்லை. டூவ் ஆற்றின் பாலங்களைப் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் தகர்க்க வேண்டும் என்பது வேலை. இருட்டில் குதித்தவர்கள் பல திசைகளில் சிதறினார்கள். பிரிவில் பலர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள், சிலர் பிடிபட்டார்கள். மெக்னீஸ் வழியில் கிடைத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பாலத்துக்குப் போய் வேலையை முடித்தார்.

செப்டம்பர் 17 அன்று ஹாலந்தில் இரண்டாவது போர்க்குதிப்பு. அதன்பின் மறுபடி அனுமதியில்லாமல் வெளியே தங்கிச் சிக்கலில் மாட்டினார். அந்த நிலையில் போய்ச் சேர்ந்த இடம் பாத்ஃபைண்டர் பிரிவு. மற்றவர்களுக்கு முன்னால் எதிரியின் பகுதியில் குதித்து, பின்னால் வரும் விமானங்களுக்கு வழிகாட்டும் கருவியை நிறுவுவதுதான் அவர்கள் வேலை. மாட்டினால் முதலில் சாவது அவர்கள்.

1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் 101ஆவது டிவிஷன் முழுவதும் ஜெர்மானியரால் சூழப்பட்டது. தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது, மருந்து இல்லை, பனிமூட்டத்தால் விமானம் வர வழியில்லை. 23ஆம் தேதி வானம் தெளிந்ததும் சுமார் இருபது பாத்ஃபைண்டர்கள் முற்றுகைக்குள்ளேயே குதித்தார்கள். அவர்களில் மெக்னீஸும் ஒருவர். அவர்கள் கருவியை நிறுவிச் சமிக்ஞை அனுப்ப, அன்று ஒரே நாளில் 241 விமானங்கள் 144 டன் பொருள்களைப் போட்டன. அந்த முற்றுகை தாக்குப்பிடித்ததில் அந்த இருபது பேரின் பங்கு பெரியது. 1945 பிப்ரவரி 13 அன்று ஜெர்மனியின் ப்ரூம் அருகே நான்காவது தடவையாக குதித்தார். அந்தப் போரில் நான்கு போர்க்குதிப்பு முடித்த அமெரிக்கர்கள் மிகச் சிலரே.

இத்தனைக்கும் பதவி உயர்வு நிலைக்கவில்லை. தற்காலிகமாகச் சார்ஜன்ட் பொறுப்பைப் பார்ப்பார், அப்புறம் ஏதாவது தவறு செய்து மறுபடி பிரைவேட், அதாவது கடைநிலைச் சிப்பாய், ஆகிவிடுவார். போருக்குப் பின் பொன்கா சிட்டியில் தபால் துறையில் வேலை செய்தார். 2012இல் பிரான்ஸ் அரசு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது. 2013இல் 93 வயதில் காலமானார்.

அவருடைய பதிவேட்டை மட்டும் ஒருவர் கையில் கொடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? விடுப்பின்றிப் போனவர், பதவி இறக்கப்பட்டவர். நான்கு குதிப்புகளின் எடை அதில் தெரிந்திருக்காது. அவருக்குப் பேசத் தெரிந்திருந்தது, பேட்டி எடுக்க ஆள் வந்தார்கள், புகைப்படமும் இருந்தது, அதனால் கதை தப்பித்தது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றும் வாய்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘அடங்காதவன்தான் நல்ல வீரன்’ என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அது உண்மையில்லை. பாராசூட் படைகளில் பெரும்பான்மையோர் சுத்தமான பதிவேடு உள்ளவர்கள். அவர்களும் அதே சண்டையில்தான் செத்தார்கள். ஒருவர் லீவு முடிந்து வராவிட்டால் அவருடைய காவல்முறையை இன்னொருவர் தூக்கமில்லாமல் பார்த்தார். குடித்துவிட்டுத் துப்பாக்கியோடு நிற்பவரால் பக்கத்தில் இருப்பவர் உயிருக்கு ஆபத்து. தண்டனைகள் காரணமில்லாமல் வந்தவையல்ல. தாத்தாவைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த வரிகளை மறைப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவற்றையும் வைத்துக்கொண்டே அவரைப் புரிந்துகொள்ள முடியும்.

ஒரு தனிமனிதனுக்கு இப்படி என்றால், ஒரு முழுப் பிரிகேடுக்கே கெட்டபெயர் எழுதப்பட்ட கதையும் இருக்கிறது. அது நம் சொந்த 50ஆவது பாராசூட் பிரிகேடின் கதை.

1944 மார்ச்சில் அந்தப் பிரிகேடு மணிப்பூரின் உக்ருல் பக்கம், தாங்குல் நாகா மலைகளில் இருந்தது. பெரிய சண்டை எதையும் எதிர்பார்த்து அனுப்பப்பட்டவர்களல்ல. மார்ச் 19 அன்று ஜப்பானிய 31ஆவது டிவிஷனின் முன்னணிப் படை திடீரென்று அவர்கள் மேல் வந்து விழுந்தது. 7378 என்று உயரத்தாலேயே குறிக்கப்பட்ட குன்றில் இருந்த 152ஆவது பட்டாலியனின் ‘சி’ கம்பெனி ஒரு இரவும் பகலும் போராடி அழிந்தது. சுமார் 170 பேரில் இருபது பேர் அளவில்தான் தப்பினார்கள். மீதிப் பிரிகேடு சங்ஷாக் என்ற கிராமத்துக் குன்றில் திரண்டது. கீழே பாறை என்பதால் மூன்றடிக்கு மேல் குழி தோண்ட முடியவில்லை. முள்கம்பி இல்லை, தண்ணீரும் போதவில்லை. இடம் மிகச் சிறியது என்பதால் விமானத்திலிருந்து போட்ட உணவும் தோட்டாவும் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது. பாராசூட் வீரர்கள் தங்களுக்கு வந்த பாராசூட்டுகள் எதிரி கையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் 26 இரவு, பின்வாங்க உத்தரவு வந்தபின், காயப்பட்டவர்களில் நடக்க முடிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டு வழியாக இம்பாலுக்கு இறங்கினார்கள். அதற்குள் அறுநூறு பேர் அளவில் இழப்பு. டாக்டர் ரங்கராஜும் அந்தக் குன்றில்தான் காயப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இம்பாலுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. பிரிகேடு ஓடிவந்துவிட்டது என்ற பேச்சுதான் பரவியது. பிரிகேடியர் ஹோப்-தாம்சன் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அந்த ஒரு வாரத் தாமதத்தால்தான் கோஹிமாவையும் இம்பாலையும் பலப்படுத்த நேரம் கிடைத்தது என்பது பிறகுதான் உறைத்தது. 1944 ஆகஸ்டில் தளபதி ஸ்லிம் சிறப்பு உத்தரவு வெளியிட்டு அந்தப் பிரிகேடைப் பாராட்டினார். நடுவில் ஐந்து மாதம் போய்விட்டது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு சிப்பாய் லீவில் ஊருக்கு வந்து, ‘உங்க பிரிகேடு ஓடிடுச்சாமே’ என்ற பேச்சைக் கேட்டு, திரும்பிப் போக மனமில்லாமல் நாலு நாள் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் அவர் தாளில் என்ன ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

போர் முடிந்தபின் நடந்த இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்மண்டியிலும் ஆர்டென்னிலும் ரைன் ஆற்றைக் கடந்தும் சண்டையிட்ட பிரிட்டிஷ் 13ஆவது பாராசூட் பட்டாலியனை 1946இல் மலாயாவின் மூவாரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நம் ஆட்கள் ரப்பர் தோட்டங்களில் உழைத்த அதே ஜோகூர் மாநிலம்தான். முகாம் சேறும் சகதியுமாக இருந்தது, கழுவிக் குளிக்க வசதியில்லை. மே மாதத்தில் 250க்கும் மேற்பட்டவர்கள் கட்டளையை ஏற்க மறுத்தார்கள். கலகம் என்று விசாரித்துக் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சிறைத்தண்டனை விதித்தார்கள். பிறகு விசாரணை முறையே தவறு என்று அந்தத் தீர்ப்பு ரத்தானது. சில வாரங்களுக்கு அவர்கள் எல்லாரும் தாளில் கலகக்காரர்கள்.

இனித் தாளுக்குத் திரும்புவோம். அந்தத் தம்பி கொண்டுவந்தது போன்ற தாளில் எதை எப்படிப் பார்க்க வேண்டும்?

விடுப்பு முடிந்து திரும்பாமல் தங்கியது, விடுப்பே எடுக்காமல் போனது, ஓடிப்போனது ஆகிய மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டும் ‘இல்லாமை’ என்ற வகை. ஓடிப்போனது என்று சொல்ல, திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போனார் என்றோ, ஆபத்தான பணியிலிருந்து தப்பவே போனார் என்றோ நிரூபிக்க வேண்டும். இன்றைய 1950 ராணுவச் சட்டத்திலும் இவை 38, 39 என்று தனித்தனிப் பிரிவுகள்தான். அன்று நடப்பிலிருந்தது 1911இன் இந்திய ராணுவச் சட்டம். தானாகத் திரும்பிவந்து தண்டனை வாங்கிக்கொண்டு மறுபடி வேலை பார்த்தவர் ஓடிப்போனவர் அல்ல. இதை அந்தத் தம்பியிடம் சொன்னபோதுதான் அவன் முகம் தெளிந்தது.

ஏன் தாமதமாக வந்தார் என்பது தாளில் இருக்காது. ஆனால் யூகிக்க வழி இருக்கிறது. ராவல்பிண்டியிலிருந்து சேலம் ஜங்ஷன் வந்து சேர்வதற்கே ரயிலில் பல நாள். போர்க்காலத்தில் ரயிலில் இடம் கிடைப்பதும் பாடு. பர்மா முனையில் 1943இல் காயத்தால் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு, நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். அதில் மலேரியா முக்கியம். ஒருமுறை வந்த மலேரியா ஊருக்கு வந்தபின் திரும்ப வரும். காய்ச்சலோடு கிடந்தவர் டாக்டர் சீட்டு இல்லாமல் போனால் அதுவும் குற்றம்தான். வீட்டில் தறி நின்று, நூல் கிடைக்காமல் குடும்பம் தவித்தால் நாலு நாள் கூடுதலாகத் தங்குவதும் நடந்திருக்கும்.

குடி பற்றிய வரிகளைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அப்படிப்பட்ட மாவட்டத்திலிருந்து போன பையன்கள் ராணுவத்தில் ரம்மைச் சந்தித்தார்கள். ஒருவேளை அதற்கும் முன்பே பழக்கம் இருந்திருக்கலாம். எப்படியானாலும், போர்முனையிலிருந்து வந்தவர் தூக்கத்துக்காகக் குடித்தாரா, ஜாலிக்காகக் குடித்தாரா என்பதை ஒரு குமாஸ்தா எழுதிய வரி சொல்லாது.

தண்டனையின் அளவைப் பாருங்கள். 28 நாள் அடைப்பு வரைக்கும் கமாண்டிங் ஆபீசர் தானே கொடுக்கலாம். அது முகாம் ஒழுங்குக்கானது. அதைத் தாண்டினால் சம்மரி கோர்ட் மார்ஷல். கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிபதியாக உட்கார்ந்து ஓராண்டு வரை சிறை கொடுக்கக்கூடிய இந்த முறை இந்திய ராணுவத்தில் இன்றும் இருக்கிறது. வக்கீல் வாதம், நீண்ட விசாரணை எல்லாம் அதில் எதிர்பார்க்க முடியாது. எழுதப்படிக்கத் தெரியாத சிப்பாய் ஒருவர் தன் பக்கத்து நியாயத்தை எவ்வளவு சொல்லியிருப்பார் என்பதையும் சேர்த்தே அந்த வரியைப் படிக்க வேண்டும்.

அடுத்து, விடுவிக்கப்பட்ட காரணம். ‘சேவை இனித் தேவையில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் பலரும் துரத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 25 லட்சம் பேருக்குப் பெருகிய படையைப் போருக்குப் பின் குறைத்தபோது, ஒரு தவறும் செய்யாத லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதனால் அந்த வரியை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் எழுதியிருக்கும் விதி எண்ணையும், தேதியையும், நடத்தை மதிப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள். 1946 வாக்கில் விடுவிக்கப்பட்டு, நடத்தை ‘நல்லது’ என்றோ ‘மிக நல்லது’ என்றோ இருந்தால், முன்னால் எத்தனை தண்டனை இருந்தாலும் கடைசியில் ராணுவம் அவரைப் பற்றி எடுத்த முடிவு அதுதான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பதக்கம். பர்மா ஸ்டார் என்பது போர்முனையில் இருந்தவர்களுக்குரியது. 1942 மே முதல் அஸ்ஸாம், வங்காளத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் இருந்தவர்களுக்கும் உண்டு. மணிப்பூர் அதில் அடங்கும். ஓடிப்போனது, கலகம் போன்ற பெரிய குற்றங்களுக்குப் பதக்கத்தைப் பறிக்க முடியும். தாத்தாவின் தாளில் பர்மா ஸ்டார் கோடிட்டு அடிக்கப்படாமல் அப்படியே நிற்கிறதென்றால் அவர் அங்கே இருந்தார் என்று ராணுவமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்தத் தம்பியின் தாத்தாவுக்கு அது இருந்தது. தண்டனை வரிகளைத் தேடிப் படித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவேயில்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வரும் நம் மாவட்டத்துப் பையன்கள் இன்றும் படைக்குப் போகிறார்கள். ஆக்ராவில் ஐந்து குதிப்பு முடித்துச் சிறகுப் பட்டை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நடத்தைத் தாளில் பெரிய தண்டனைகளுக்கு விழும் ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்றால் அவர்களுக்கு இன்றும் பயம்தான். நான்கு சிவப்பு வரி விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பட்டாளத்தில் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. 2015இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: நான்கு வரி இருக்கிறது என்பதற்காகவே இயந்திரம் போல ஒருவரை விடுவிக்கக் கூடாது, விசாரணை வேண்டும், எத்தனை ஆண்டு பணி, எவ்வளவு கடினமான இடங்களில் பணி என்பதையெல்லாம் எடைபோட வேண்டும். சங்ஷாக்கில் நின்றவர்களுக்கு இப்படியொரு தீர்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாள் கையில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இதுதான். சேவை எண்ணையும் படைப்பிரிவின் பெயரையும் தேதிகளையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எழுத்து தாளுக்குத் தாள் மாறியிருக்கும், அதனால் எண் முக்கியம். பாராசூட் ரெஜிமென்டின் பதிவு அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. பாராசூட் பிரிவில் இருந்த எல்லாரும் அந்த ரெஜிமென்டின் ஆட்களாக இருக்க மாட்டார்கள். மருத்துவப் பிரிவு, பொறியாளர் பிரிவு ஆகியவற்றின் பதிவேடுகள் அந்தந்தப் படையின் அலுவலகத்தில் இருக்கும். கடிதம் எழுதுவதற்கு முன் சேலத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று வழிகாட்டுவார்கள். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். அந்தப் போர்முனைப் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. அதில் தாத்தாவின் பெயர் இருக்காது. அவருடைய தாளில் உள்ள தேதிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வாரம் அவர் எந்தக் குன்றில் இருந்தார் என்பது தெரியும். தண்டனை வரிக்கு முந்தைய மாதத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.